நாலு முதல் ஆறு வரை

நாலு மணி ஆனதும் நெட் போய்விட்டது. இன்றோடு நான்காவது நாள். ஆறு மணிக்குத் தானாக வந்துவிடும்.

"அம்மா, திரும்பவும் சுத்திக்கிட்டே இருக்கு!" என்று ஹாலிலிருந்து மகள் கத்தினாள்.

"இரு, அதைத்தான் பாக்கப் போறேன்."

மாடிப்படி ஏறும்போதே அவளுக்குக் கால் கனத்தது. காலையில் கணவன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "கரெக்டா நாலு மணிக்குப் போகுதுன்னா யாரோ டைம் போட்டு வச்சிருக்காங்க. சாயங்காலம் நானே பாக்குறேன்" என்று சொல்லியிருந்தான். அவன் பார்ப்பதற்குள் அதை அழித்தாக வேண்டும்.

ரவுட்டர் மாடி அறையில், கட்டிலுக்கு மேலே சுவரில் இருந்தது. மூன்று மாதமாக யாரும் படுக்காத கட்டில். டெட்டால் வாடையும், அதற்கடியில் நெடுநாள் கிடையில் கிடந்த உடம்பின் புளிப்பு வாடையும், ஜன்னலை எத்தனை தடவை திறந்து போட்டாலும் போவதாக இல்லை.

கணவனின் தங்கை இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் இரண்டு வருடம் கிடந்தது இங்கேதான். மாடியில் போன் சிக்னல் கிடையாது, வைஃபை மட்டும்தான். நாத்தனாரின் டேப்லெட்டிலிருந்து ஒரு நாளைக்கு நாற்பது தடவை கூப்பாடு வரும். அண்ணி, ஃபேன். அண்ணி, தண்ணி. அண்ணி, சும்மாதான் கூப்பிட்டேன். ஒருநாள், மகளுக்காக ரவுட்டரில் நாலு முதல் ஆறு வரை நெட்டை நிறுத்தி வைத்திருந்த நேரத் தடையில் அந்த டேப்லெட்டையும் சேர்த்து டிக் அடித்தாள். இரண்டு மணி நேரத் தூக்கம், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. நெட் சரியில்லை என்று நாத்தனாரிடம் கூசாமல் சொன்னாள்.

இருபதாம் நாள் ஆறு மணிக்கு அவள் போனில் செய்திகள் மொத்தமாக வந்து விழுந்தன. அண்ணி. அண்ணி மூச்சு முட்டுது. அண்ணி. அண்ணி. ஓடிப்போய்த் தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று எல்லோரையும் நம்பவைத்தாள். செய்திகளை அழித்தாள், தடையை அழித்தாள். அன்றைக்குத்தான் கீழே நன்றாகத் தூங்கியிருந்தாள், பாவி.

நாற்காலி இல்லாததால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போனில் ரவுட்டர் பக்கத்தைத் திறந்தாள். அன்று அழித்த தடை அங்கேதான் இருந்தது. நாலு முதல் ஆறு வரை. அழித்தாள். திரும்ப வந்தது. எட்டி ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கி, பத்து எண்ணி, மறுபடி செருகினாள். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

"வந்துருச்சும்மா! சூப்பர்!" என்றது கீழிருந்து மகளின் குரல். பிறகு அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டோடு சேர்ந்து பாட ஆரம்பித்தாள்.

அப்பாடா என்று இவள் ரவுட்டர் பக்கத்தை மறுபடி பார்த்தாள். தடை இருந்தது. தடுக்கப்பட்ட கருவி ஒன்றே ஒன்று. அதன் பெயர், அண்ணி.

இந்த வீட்டில் அவளை அப்படிக் கூப்பிட்டவள் ஒருத்திதான்.

எழுந்து ஓடப் பார்த்தாள். கால் வரவில்லை. தொடையைக் கிள்ளினாள். வலிக்கவில்லை. நகம் பதியக் கிள்ளினாள். ஒன்றுமில்லை. உடம்பு பின்னால் சாய்ந்து தலையணையில் விழுந்தது. மகளைக் கூப்பிட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

நெஞ்சு இறுகியது. போனில் தட்டினாள். மேலே வா. போகவில்லை. சீக்கிரம் வா. போகவில்லை. மூச்சு முட்டுது. போகவில்லை.

மணி நாலு ஏழு.

கீழே மகள் பாடிக்கொண்டிருந்தாள். கால்மாட்டில் மடித்து வைத்திருந்த போர்வை மெல்ல விரிந்து, அவள் தினமும் நாத்தனாருக்குப் போர்த்திவிட்டதைப் போலவே, இரண்டு ஓரமும் மெத்தைக்கடியில் செருகிக்கொண்டு, முழங்கால் தாண்டி, இடுப்பு தாண்டி, மேலே ஏறி வந்தது.