இறால் அறையைத் திறந்தது யார்?

ஜாஸ்பினுக்குக் கோபம் வந்தால் மூக்கு சிவக்கும். இது ஜெகதாப்பட்டினத்துக்கே தெரிந்த விஷயம். அந்தச் சனிக்கிழமை அது வெந்த இறாலாகச் சிவந்திருந்தது.

பின்னே? ஐஸ் கம்பெனி மேனேஜர் எழிலரசன், அத்தனை பேர் முன்னாலும் அவள் அம்மா சூசைமேரியைத் திட்டிக்கொண்டிருந்தார். இறால் வைக்கும் குளிர் அறையின் கதவை அம்மாதான் திறந்துபோட்டாராம். மூன்று பெட்டி இறால் கெட்டுப்போனதாம்.

"நாளையிலேருந்து வேலைக்கு வர வேணாம்!"

மேனேஜர் ரகசியம் பேசினாலே நாலு தெருவுக்குக் கேட்கும். கத்தினால் கேட்கவா வேண்டும்!

"நான் தொறக்கலைங்க," என்றார் அம்மா.

"அட்டையைக் காட்டினாத்தானே கதவு தொறக்கும்?" ஜாஸ்பின் சீறினாள். "யாரு காட்டினாங்கன்னு கம்ப்யூட்டர்ல பதிவாகுமே. அதைப் பாருங்க!"

கம்ப்யூட்டரைக் கவனிக்கும் ஜெரால்டு உதட்டைப் பிதுக்கினான். "கரண்டு போனதுல அந்த ஃபைல் கெட்டுப்போச்சு பாப்பா. தொறந்தா ஒரே கிறுக்கலா வருது."

"அழிச்சிட்டுப் புதுசா போடுப்பா," என்றார் மேனேஜர்.

"அழிக்காதீங்க! வலையில வர்ற குப்பையிலேருந்து அம்மா இறாலைப் பொறுக்கி எடுக்கலையா? இதுலயும் பொறுக்கலாம். எங்க கம்ப்யூட்டர் வகுப்புல சொல்லிக் கொடுத்திருக்காங்க."

முதலில் ஜெரால்டை ஃபைலுக்கு ஒரு நகல் எடுக்க வைத்தாள். பிறகு கறுப்புத் திரையில், படிக்க முடிந்த எழுத்துகளை மட்டும் பொறுக்கித் தரும் 'ஸ்ட்ரிங்ஸ்' என்ற கட்டளையைத் தட்டினாள். கோபத்தில் ஓர் எழுத்து தப்பாக விழுந்தது. கம்ப்யூட்டர் அசைந்து கொடுக்கவில்லை. மூச்சை இழுத்து விட்டு மறுபடி தட்டினாள்.

கிறுக்கல் போன இடம் தெரியவில்லை. படிக்க முடிந்த வரிகள் மட்டும் வந்து நின்றன.

ஜெரால்டு படித்தான். "பதினொண்ணு பத்துக்குத் தொறந்திருக்கு. பன்னெண்டு மணிக்குக் கரண்டு போற வரைக்கும் மூடவே இல்ல. அட்டை எண்... ஒண்ணு."

அம்மாவின் அட்டை பதினான்கு. எல்லாக் கண்களும் மேனேஜரின் கழுத்தில் தொங்கிய அட்டைக்குப் போயின.

"அது... மோர் ஜில்லுன்னு ஆகட்டுமேன்னு சொம்பை உள்ள வச்சேன்..." என்று இழுத்தார் அவர்.

அவர் தினமும் அங்கே மோர் வைப்பது எல்லாருக்கும் தெரியும். சொல்லத்தான் யாருக்கும் வாய் வராது.

மேனேஜர் அதிசயமாக மெல்லிய குரலில் அம்மாவிடம் குனிந்து முணுமுணுத்தார். "தப்பு என்னுதும்மா. நாளைக்கு வேலைக்கு வந்துருங்க."

"கேக்கலை சார்," என்றாள் ஜாஸ்பின். மூக்கு இன்னும் சிவப்புதான். "திட்டினப்ப எவ்வளவு சத்தமா திட்டினீங்க? அதே சத்தத்துல சொல்லுங்க."

சொன்னார்.

படகுத்துறையில் உட்கார்ந்திருந்த காக்கைகள் மொத்தமாக எழுந்து பறந்தன.