சனிக்கிழமை தாண்டும் வரை

புதுப்பனி மூடிய தெருவில் சக்கரங்களுக்குச் சத்தம் இருப்பதில்லை. கார்கள்கூடப் பஞ்சின்மேல் உருள்வதுபோலத்தான் போகும். அதனால்தான் வியாழக்கிழமை பின்னேரம், கனடாவின் விட்பி நகரில் மகளின் வீட்டுக் குசினி யன்னலருகே தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற மகேஸ்வரன், தெருமுனையில் ஒரு சின்னச் சக்கரம் கிறீச்சிடுவதைக் கேட்டதும் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். மூன்று சக்கரங்கள் ஒழுங்காக உருள, நாலாவது மட்டும் இழுபட்டு முனகும் சத்தம். அந்தச் சத்தத்தின் பக்கத்தில் அவர் நடந்திருக்கிறார். மனைவி கனகாம்பிகையைத் தகனம் செய்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

தெருவிளக்குகளின் கீழே யாரும் இல்லை. இரண்டு வீடு தள்ளி வந்து சத்தம் நின்றது.

"என்னப்பா பாக்கிறியள்?" சோபாவில் கிடந்த துஷானி கேட்டாள். அவளுக்கு எட்டாம் மாதம். படியேற முடியாததால் கணவன் விதுர்சனை மேலே விட்டுவிட்டுக் கீழ் அறையிலேயே படுக்கிறாள்.

"பனி கூடப் போகுது போல, பிள்ளை. தள்ளிவிடட்டோ?"

"ஷவலைத் தொட்டுப் பாருங்கோவன்! விதுர்சன் வேலையால வந்து தள்ளுவார். நீங்கள் விழுந்தால் ஆர் தூக்கிறது? நானே என்னைத் தூக்கேலாமல் கிடக்கிறன்."

தாய் போனபின் அன்றுதான் அவள் முதன்முதலில் சிரித்தாள். அவரும் சிரிக்கப் பார்த்தார்.

போன சனிக்கிழமை பின்னேரம், மோர்னிங்சைட்டில் கனகாம்பிகை இருந்த முதியோர் இல்லத்திலிருந்து தாதி றெஜினா கூப்பிட்டிருந்தாள். "அங்கிள், அன்ரிக்கு மூச்சு மாறீற்றுது. இண்டைக்கு இரவு தாண்டாது. வந்து பக்கத்திலை இருங்கோ." அவர் போனார். அறை வெளிச்சத்தைக் குறைத்து, உதடு காயாமல் ஈரப்பஞ்சால் ஒற்றி, எல்லாம் சரியாகத்தான் செய்து வைத்திருந்தார்கள். வசந்தத்தில் ஒருமுறை ஆஸ்பத்திரி நடைவழியில் இரண்டு நாள் கிடந்துவிட்டு வந்த கனகாம்பிகை, இனித் தன்னை அங்கே அனுப்பவே கூடாது என்று படிவம் எழுதுவித்திருந்தாள். "இஞ்சருங்கோ, அங்கை இரவிலையும் லைற் நூக்க மாட்டாங்கள். செத்தாலும் கண் கூசும்" என்று சொல்லித்தான் அவரிடம் பேனையைக் கொடுத்தாள். அவர் கையெழுத்து வைத்தார்.

அன்று கட்டிலருகே இருந்தபோது சுவர்க் கலண்டர் கண்ணில் பட்டது. சனி.

சனிக்கிழமையில் உயிர் போனால் அதே குடும்பத்தில் இன்னொரு உயிரும் போகும் என்று ஊரில் பயப்படுவார்கள். அதைத் தடுக்கப் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டிவிடுவார்கள். நாற்பது வருடம் கனடாவில் இருந்து, அதையெல்லாம் கேலி செய்தவர் மகேஸ்வரன். துஷானியின் வயிற்றை நினைத்ததும் கேலி போய்விட்டது.

"அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ" என்றார். "நாளைக்கு வரைக்கும் எண்டாலும் உயிரோடை வச்சிருப்பாங்கள்."

"அங்கிள், வேண்டாமெண்டு நீங்கள்தானே சைன் வச்சனீங்கள்? அன்ரி கேட்டது இதைத்தானே?"

"அதை மாத்திறன். கூப்பிடும் பிள்ளை."

ஸ்ட்ரெச்சரில் வார் போட்டு இறுக்கியபோது கனகாம்பிகை ஒரேயொருமுறை கண் திறந்தாள். அவரைத்தான் பார்த்தாள். கோபம் இல்லை. ஆரென்று அடையாளம் தேடுவதுபோல இருந்தது.

ஆஸ்பத்திரியில் இடம் இல்லை. நாலாவது சக்கரம் இழுபட்டு முனகிய ட்ரொலியில் தள்ளிப்போய், நடைவழிச் சுவரோடு, கூசும் வெளிச்சத்தின் கீழே விட்டார்கள். அவரும் பக்கத்தில் நடந்தார். பத்தரை மணியளவில் அவர் பிடித்திருந்த கை கனத்தது. நெஞ்சு எழும்பவில்லை. சனி முடிய இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. மெல்லிய வெள்ளைப் போர்வையை அவள் நாடிவரை இழுத்துவிட்டு, ஆறிக்கொண்டு போகும் கையைப் போர்வைக்குள்ளே பிடித்தபடி நின்றார். எட்டிப் பார்த்த தாதியிடம் நித்திரை என்றார். மற்ற நேரமெல்லாம் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவளின் முகத்தைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு தாண்டிப் பத்து நிமிடத்தில் கூப்பிட்டார். ஞாயிறு என்று எழுதினார்கள். ஞாயிறு என்றபடியால் செத்தவீட்டில் கோழிக்குஞ்சைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. குஞ்சுக்குப் பதிலாகப் பெட்டிக்குள்ளே ஒரு முட்டைகூட வைக்கவில்லை. "நல்ல நாளிலை போயிருக்கிறா" என்று வந்தவர்கள் சொல்ல, அவர் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை அதே நேரம், வெளிச்சம் சாம்பலாகிப் பனி நீலமாகும்போது, சத்தம் வீட்டுக் கார்ப்பாதை வரை வந்தது. ஹீற்றர் வழியாக வந்த சூடான காற்றில் ஆஸ்பத்திரியில் கை துடைக்கும் மருந்தின் மணம் இருந்தது.

"அப்பா, உங்களுக்கும் கேக்குதோ?" துஷானி கேட்டாள். "ட்ரொலி தள்ளுற மாதிரி."

இப்போது சொல்லிவிடலாம். அம்மா சனிக்கிழமைதான் செத்தவ, நான்தான் மறைச்சனான் என்று. சொன்னால் அவள் இனி அவரைப் பார்க்கும் பார்வை எப்படி இருக்கும்?

"ஹீற்றர் சத்தம், பிள்ளை. நீர் படும்."

சனிக்கிழமை விதுர்சனுக்கு வேலை. மத்தியானம் தொடங்கிய பனி வாசல்படியை மூடிச் சமன் செய்திருந்தது. நாலரை மணிக்குத் துஷானி நித்திரையாகிவிட்டாள். மகேஸ்வரன் கதவுகளைப் பூட்டி, விளக்குகளையெல்லாம் போட்டு, அவளின் அறைக்கு வெளியே கதிரை ஒன்றை இழுத்துப்போட்டு வாசலை மறித்து உட்கார்ந்தார்.

ஃபிரிட்ஜ் முனகியது. நின்றது. உள்ளே மகளின் மூச்சு, ஒரே சீராக.

பிறகு தெருமுனையில் சக்கரம். இன்று எங்கும் நிற்கவில்லை. கார்ப்பாதை. படி. பூட்டிய கதவுக்கு வெளியே ஒருகணம் மௌனம். பிறகு மரத்தரையில், வீட்டுக்குள்ளே, அதே முனகல்.

மருந்து மணம். குளிர்.

அவர் கண்ணை இறுக்கி மூடினார்.

"கனகம், நான் செய்த பிழை. என்னைக் கொண்டுபோம். பிள்ளையை விட்டிடும்."

சக்கரம் அவரின் முழங்காலுக்கு முன்னால் நின்றது. இரும்பின் குளிர் அவர் கட்டியிருந்த சாரத்துக்குள்ளால் ஏறியது. அவர் காத்திருந்தார். மனம் ஒருவாறு லேசாகியது. வரட்டும். நான்தான்.

யாரும் தொடவில்லை.

கதிரை மெல்ல ஒதுங்கியது. அவரோடு சேர்த்து, ஒரு பக்கமாக. நடைவழியில் நிற்கும் ஒரு ஆளை ஒதுக்குவதுபோல.

சக்கரம் உள்ளே போனது.

கண் திறக்க வேண்டும். எழும்ப வேண்டும். கத்த வேண்டும். மகளின் மூச்சு கேட்டது. கேட்டது. பிறகு கேட்கவில்லை. அவர் அசையவில்லை. ஆஸ்பத்திரியில் நின்றதுபோலத் திரும்பவும் அசையாமல்தான் இருந்தார்.

முனகல் அவரைத் தாண்டித் திரும்பிப் போனது.

கண் திறந்தபோது வாசற்கதவு விரியத் திறந்திருந்தது. அறையில் கட்டில் வெறுமையாக இருந்தது, விரிப்பு இன்னும் சூடாக. அவர் வெறுங்காலோடு வாசலுக்கு ஓடினார். பனியில் ஒரு காலடியும் இல்லை. சக்கரத் தடங்கள் மட்டும் இரண்டு சோடி இருந்தன. வீட்டை நோக்கி வந்த சோடி, நகத்தால் கீறியதுபோல மெல்லியது. வெளியே போன சோடி, பனியை அழுத்திக் கீழே தார்த்தரை தெரியும்வரை ஆழமாக, தெருமுனை வரைக்கும் போயிருந்தது.