பதக்கத்துக்கு ஓர் இலை

அகிலாவுக்குப் படைத்த சோற்றில் விரல் பதிந்த குழி இருந்தது.

பாலகுரு குனிந்து பார்த்தான். மனைவி காய்ச்சலில் போனதிலிருந்து வெள்ளிக்கிழமை மதியங்களில், மஸ்கட்டின் ரூவிப் பகுதியே கடையடைத்துத் தொழுகைக்குப் போயிருக்கும் நேரத்தில், அவள் படத்துக்கு முன் இலை போட்டு, சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் வைத்து, இறந்தவர் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று அறைக்கதவைச் சாத்திவிட்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பான். திறந்தால் வைத்தது வைத்தபடி இருக்கும். அவனே தின்பான். ஒரே ஒரு தடவை அவள் வந்துபோனால் போதும்.

இன்று இரண்டு இலை. மற்றது அகிலாவின் தாத்தா கார்மேகத்துக்கு. இரண்டாம் உலகப் போரில் இராக்குக்குப் போய்த் திரும்பாத சிப்பாய். அவருக்கு என்ன ஆயிற்று என்று அறிய அகிலா மஸ்கட் வந்த நாளிலிருந்து அவருடைய படைப்பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருந்தாள். அவள் முடிக்காமல் விட்டுப்போன வேலை அது ஒன்றுதான் என்பதால் அவன் தொடர்ந்தான். போன வாரம் பதக்கம் வந்தது. பின்புறம் பெயர் வெட்டிய வெண்கல நட்சத்திரம். அவருக்குப் படம் கிடையாது. பதக்கத்துக்கே பொட்டு வைத்து மாலை போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.

தாத்தாவின் இலை துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

ஊருக்கு, மாமியார் வள்ளிநாயகிக்கு, போன் போட்டான்.

"அத்தை, அகிலா வந்திருக்கா. சோத்துல கை வச்சிருக்கா."

"குழைய வடிச்சிருப்பீங்க மாப்ளே. குழஞ்ச சோத்தை அவ தொட மாட்டாளே." சிரிக்கப் பார்த்து அழுதுவிட்டாள்.

"தாத்தாவும் வந்திருக்காரு. இலை காலி."



"எங்கப்பாவையா? பேர் சொல்லியா கூப்பிட்டீங்க?"

"ஆமா."

"அவரு செத்தத யாரு பாத்தா? எங்கம்மா கடைசிவரைக்கும் தாலியக் கழட்டல. நாங்க திதியும் குடுக்கல, இலையும் போடல. காணாமப் போனவுகளச் சோத்துக்குக் கூப்பிடக்கூடாதுய்யா. ஒரு வார்த்த என்னயக் கேட்டிருக்கலாம்ல?"

"தெரியாது அத்தை."

"அவரு தனியாவா போனாரு? அவரு இருந்த பட்டாளக் கம்பெனியே போச்சு. மண்ணுக்காத்துல ஒருத்தரும் திரும்பல. அறுபது வருசப் பசி மாப்ளே. மொதல்ல இலைய எடுங்க."

போனை வைத்தான். குழியில் தன் விரலை வைத்துப் பார்த்தான். அவன் விரலைவிடத் தடிமன். சோற்றுக்குள் மணல் நெருடியது. அகிலா வரவில்லை. அவள் இலையிலும் வேறு யாரோ.

ஏசியின் முனகலுக்கு அடியில், படிக்கட்டிலிருந்து, தகரத்தில் தகரம் உரசுவதுபோல் ஒரு சத்தம் மெல்ல மெல்ல ஏறி வந்தது. கதவிடுக்கு வழியே சூடான மணலும் டீசலும் பல நாள் காய்ந்த வியர்வையும் கலந்த வாடை அறைக்குள் இறங்கி, ஏற்றியிருந்த ஊதுபத்தி வாசத்தை அமுக்கியது. வெளியே உச்சி வெயில். ஜன்னலில் மட்டும் செம்மண் நிறம்.

இலையை எடுக்கக் குனிந்தான்.

"என்னங்க."

அவள் குரல். படிக்கட்டில். வெகு கீழே.

இலையை விட்டான். போய் வாசல் கதவைத் திறந்தான்.

காக்கி. படிக்கொருவர். கையில் தகரத் தட்டு. வெடித்த உதடுகள். வாய்க்குள் மணல். முதலில் நின்றவரின் நெற்றியில் புதுப் பொட்டு.

கைப்பிடிக்கு மேல் எட்டிப் பார்த்தான். மாடி மாடியாகத் தலைகள். கடைசியில் அகிலா. ஆஸ்பத்திரி அங்கி. அவள் கையிலும் தட்டு. அண்ணாந்து அவனைப் பார்த்தாள்.

அவன் பானையைத் தூக்கி வந்தான். இரண்டு பேருக்கு வடித்தது. போட்டான். அடுத்த தட்டு. போட்டான். கரண்டி அடியில் சுரண்டியது.

கீழே தெருக்கதவு திறந்தது. இன்னும் பூட்ஸ் காலடிகள். அகிலா ஒரு படி கீழே இறங்கி, வந்தவருக்கு முன்னால் போக வழி விட்டாள்.