கயல் ஏன் மெதுவா நடக்கிறா?

“மச்சி, ஒண்ணரை மணி நேரத்துல முடிச்சிட்டேன்டா! காசையும் வாபஸ் வாங்கிட்டேன். ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆடி முடிச்சா திருப்பிக் குடுத்துர்றாங்க... இன்னா கேமா? முழங்கால் தண்ணி!”

அடையாறு டெப்போ அருகே, மழைக்கு ஒதுங்கிய பஸ் ஸ்டாப்பில் ஒருவன் போனில் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தான். குரலில் சந்தோஷம் வேறு!

பக்கத்தில் நின்ற ஹம்சினி மெல்லத் திரும்பினாள். கையில், பிளாஸ்டிக் கவரில் சுற்றிய மானிட்டர். ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடக் கொண்டுபோகிறாள். அந்த ‘முழங்கால் தண்ணி’ கம்ப்யூட்டர் கேமை மூன்று வருஷம் முதுகு ஒடிய உருவாக்கியது அவளும் பார்ட்னர் ஷோயப்பும்தான். இந்திரா நகரில் ஒரு மாடி அறை, இரண்டு பேர்... அதுதான் கம்பெனி. வெள்ளத்தில் மூழ்கிய தெருவில், கயல் என்ற பெண் வீடு வீடாகப் போய்ப் பாலும் மருந்தும் கொடுக்கிற கதை. ஆடியவர்களுக்கெல்லாம் பிடித்திருந்தது. ஆடி முடித்துவிட்டுப் பாதிப்பேர் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பாதியில் ஒருத்தனை அவள் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“ஏங்க... ஓட்டல்ல வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு, இலையையும் மூடிட்டு, காசைத் திருப்பிக் குடுன்னு கேப்பீங்களா?”

“யாருங்க நீங்க?”

“சமைச்சவ!”

அவன் மானிட்டரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். உப்புக்காற்றில் லேசாகச் சிவந்த கண்கள்... அவற்றில் முதலில் குழப்பம், பிறகு அதிர்ச்சி, அப்புறம்... அட, வெட்கம்! இத்தனை பெரிய ஆள் வெட்கப்பட்டு அவள் பார்த்ததே இல்லை.

“ஐயய்யோ... சத்தியமா தெரியாதுங்க. யாரோ வெளிநாட்டுக்காரன் செஞ்சதுன்னு நெனச்சிக்கினேன்.”

“வெளிநாட்டுக்காரன் கயல்னு பேர் வைப்பானா?”

“அது... யோசிக்கல.”

வேறு நாளாக இருந்தால் ஹம்சினி சிரித்திருப்பாள். அன்றைக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. பஸ் வந்தது. கேட்காமலே மானிட்டரை வாங்கிக்கொண்டு ஏறியவன், மவுண்ட் ரோடு வரை அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தான். பேர் ஏசுராஜ். பட்டினப்பாக்கத்தில் படகு இன்ஜின் ரிப்பேர். பெரிய வெள்ளத்தின்போது அப்பாவின் படகை எடுத்துக்கொண்டு கோட்டூர்புரம் தெருக்களுக்குள் ஆட்களை மீட்கப் போனவன்.

“தண்ணி கலரு கரீட்டா வச்சிகீறீங்க. டீ கலரு. எல்லாரும் நீலமா போட்டுக் கடுப்பேத்துவாங்க.”

அவ்வளவுதான்... ஹம்சினிக்கு அழுகை முட்டியது. அந்தக் கலருக்காக அவளும் ஷோயப்பும் இரண்டு வாரம் சண்டை போட்டிருந்தார்கள். ஒருத்தர்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, மழையைப் பார்ப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் சாயங்காலங்களில் பஜ்ஜிப் பொட்டலத்தோடு மாடி ஏறி வர ஆரம்பித்தான் ஏசுராஜ். இந்தப் பக்கம் வேலை இருந்துச்சு என்பான். இந்திரா நகரில் என்ன படகு ஓடுகிறது என்று ஷோயப் கேட்பான். ஹம்சினி தலையைக் குனிந்துகொண்டு பஜ்ஜி தின்பாள். அந்த அரைமணி நேரம்தான் அவளுடைய நாளில் மூச்சு விடுகிற நேரம்.

ஆனால் கம்பெனி மூழ்கிக்கொண்டிருந்தது. தரமணியில் ஒரு பெரிய கம்பெனி கூப்பிட்டிருந்தது. இரண்டு பேருக்கும் வேலை தருவார்கள். பதிலுக்கு, கேமும் கயலும் இனி அவர்களுக்குச் சொந்தம். வெள்ளிக்கிழமை கையெழுத்து.

“எத்தனை நாளைக்குடி பொம்மை பண்ணிண்டு இருப்பே?” மயிலாப்பூரிலிருந்து அம்மா விசாலாக்ஷி போனில். “ஆத்துல அப்பா சரியாவே தூங்கறதில்லை. பேசாம கையெழுத்துப் போட்டுட்டு வா.”

போடக்கூடாது என்றால் ஒரே வழி... காசு வாபஸ் போவது நிற்க வேண்டும். திங்கட்கிழமை ஹம்சினி அதைச் செய்தாள். கயலின் நடை வேகம் ஓர் எண். அதைக் குறைத்தாள். ஒண்ணரை மணி நேர கேம் இரண்டே கால் மணி நேரம் ஆனது. இனி முடித்துவிட்டு யாரும் காசு கேட்க முடியாது!

“வேணாம் ஹம்சினி...” என்றான் ஷோயப்.

“ஆபீஸ் வேணுமா, வேணாமா?”

அவன் நாற்காலியைத் தன் மேஜைப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

புதன்கிழமை ஏசுராஜ் வந்தான். பஜ்ஜி இல்லை.

“ஏங்க, கயலுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”

ஹம்சினி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். “ஏன்?”

“நேத்து மறுபடியும் காசு குடுத்து வாங்கி ஆடுனேன். ரொம்ப மெதுவா நடக்குறா. தண்ணியும் ஏறல, காத்தும் இல்ல... சும்மானாச்சும் மெதுவா நடக்குறா.” அவன் தயங்கினான். “முழங்கால் தண்ணியில எப்டி நடப்பாங்கன்னு எனக்குத் தெரியும்ங்க. கையில பாலு, எதிர் வூட்ல கொழந்த அழுவுது... வுழுந்து எந்திரிச்சாவது ஓடத்தான் பாப்பாங்க. மொதல்ல அப்டித்தானே வச்சிருந்தீங்க?”

பிடிபட்டவர்களுக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

“எல்லாம் உங்களை மாதிரி ஆளுங்களாலதான்! ஓசியில ஆடிட்டு இப்போ எனக்கு நடை சொல்லித் தரேளா? இந்தக் காசையும் வாபஸ் வாங்கிண்டு போங்கோ!”

ஆத்திரத்தில் வீட்டுப் பேச்சு வெளியே வந்துவிட்டது. ஏசுராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு, ஓசையில்லாமல் படி இறங்கிப் போனான்.

ஷோயப் போனபிறகு அவளே கேமைத் திறந்து உட்கார்ந்தாள். மூன்றாவது வீட்டில் ஒரு பெரியவர் மாத்திரைக்காக வாசலிலேயே நிற்கிறார். கயல் போகிறாள்... போகிறாள்... போய்ச் சேரவே மாட்டேன் என்கிறாள். ஹம்சினிக்கு வெட்கமாக இருந்தது. முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய முக்கால் மணி நேரத்தைத் திருடியிருக்கிறோம்... அதுவும் கயலை வைத்து! எண்ணைப் பழையபடி மாற்றினாள். கேம் விற்கிற பக்கத்தில் ஒரு வரி சேர்த்தாள்: ‘இது ஒண்ணரை மணி நேர கேம். அவ்வளவுதான். பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.’

அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. வியாழக்கிழமை பதினோரு பேர் வாங்கினார்கள். நாலு பேர் திருப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டினப்பாக்கத்தில் தூறல். கிழிந்த தார்ப்பாய்க்குக் கீழே, கை நிறைய ஆயிலோடு இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தான் ஏசுராஜ். நனைந்துகொண்டு எதிரே நின்றவளைப் பார்த்ததும் ஸ்பேனர் கையிலேயே நின்றது.

“கையெழுத்து போட்டீங்களா?”

“போடலை.”

“அப்ப கம்பெனி?”

“ரூமைக் காலி பண்ணியாச்சு. காலையில நானும் ஷோயப்பும் ஆளுக்கொரு காலேஜ்ல கிளாஸ் எடுக்கப் போறோம். மத்தியானத்துக்கு மேல எங்காத்து ஹால்தான் கம்பெனி. அம்மா பேச மாட்டேங்கறா... ஆறு மாசம் தாங்கும். அப்புறம் தெரியாது.”

“பயமாகீதா?”

“ரொம்ப.” அவள் ஓரடி தார்ப்பாய்க்குள் வந்தாள். “அன்னிக்குத் திட்டினதுக்கு மன்னிச்சுடுங்க. நீங்க சொன்னது நிஜம். அதான் தாங்கலை. எல்லாரும் என்னைப் பிழைக்கத் தெரியாதவள்னு சொன்னாங்க... பிழைக்கறதுக்காக நான் பண்ணின தப்பை நீங்க ஒருத்தர்தான் பாத்தீங்க. எனக்கு ரொம்ப அலுப்பா இருக்கு ஏசுராஜ். மூணு வருஷ அலுப்பு. எங்கயாவது போகலாம்னு கிளம்பினேன்... கால் இங்க வந்து நின்னுடுத்து.”

அவன் கையைத் துணியில் துடைத்தான். மறுபடி துடைத்தான். துடைத்த கையையே பார்த்துக்கொண்டு பேசினான்.

“நான் ஒண்ணு சொல்லட்டா? இந்திரா நகர்ல எனக்கு ஒரு வேலையும் கெடயாது. உங்களப் பாக்கத்தான் வந்துக்கினு இருந்தேன். உங்கள எனக்குப் புடிச்சிகீது... ரொம்பப் புடிச்சிகீது.”

மழை, கடல், இன்ஜின் நாற்றம்... எல்லாவற்றுக்கும் நடுவில் ஹம்சினியின் கண்கள் நிறைந்து வழிந்தன.

“எங்கம்மாக்கு மீன் வாசனையே ஆகாது.”

“எங்கம்மா விக்கிறதே அதான்.”

“சண்டை வரும்.”

“வரட்டும்.”

“எனக்கும் பிடிச்சிருக்கு,” என்றாள் அவள், ரொம்பச் சின்னக் குரலில். “சொல்லிட்டா இந்த அலுப்பெல்லாம் போயிடும்னு நெனச்சேன். போகலையே...”

“அது எப்டிங்க ஒடனே போவும்?” ஏசுராஜ் ஒரு ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, சட்டையாலேயே ஈரத்தைத் துடைத்தான். “மொதல்ல குந்துங்க.”

ஹம்சினி உட்கார்ந்தாள்.