நாலாம் பாத்தியில் ஒரு போத்தல்

யேசுரட்ணத்தின் கண்கள் திறந்தே இருந்தன.

தலை, நாலாம் பாத்தியின் சீமெந்து விளிம்பில். வலது கைக்குள் ஒரு ஊதா நிறப் போத்தல். மூடி கழன்று, பிசுபிசுவென்று ஏதோ தரையில் ஓடியிருந்தது.

கனடாவில், மில்லிக்கனில், ஒரு பிளாசாவுக்குப் பின்னால் இருக்கும் யூனிட். லைசென்ஸ் எடுத்து நடத்தும் சின்னக் கஞ்சாத் தோட்டம். ஆறு பாத்திகள்.

மதியச் சாப்பாடு முடித்துத் திரும்பிய பேனாட்தான் முதலில் கண்டான். யேசுரட்ணத்தின் ஒன்றுவிட்ட தம்பி. தோட்டத்தில் பாதிப் பங்கு.

போத்தலில் இருந்தது பூ ஊக்கி. செடி பூக்கும் காலத்தில் ஊற்றும் இரசாயன உரம். யேசுரட்ணத்தின் தோட்டமோ ஓர்கானிக் சான்றிதழ் வாங்கியது. உள்ளே போத்தலே வரக்கூடாது!

அவருடைய சொந்தத் தங்கை எமில்டா பொலிசுக்குச் சொன்னாள்: "மூண்டு கிழமையா அண்ணை ஒளிச்சு ஒளிச்சு ஊத்தினவர். என்ர கண்ணால கண்டனான்."

ஊற்றினார்... சிந்தியது... வழுக்கினார்... விழுந்தார்.

விபத்து.

சான்றிதழ்க்காரர்கள் ஆறு பாத்திக்கும் லேபிளைப் பறித்தார்கள். ஊருக்குள் அவர் பெயர் 'போத்தல் யேசு' ஆகிவிட்டது.

ஒரு சாவுக்கு இரண்டு அடக்கம். முதலில் ஆளை. பிறகு பெயரை.

முப்பதாம் நாள் காலை. பொலிஸ் நிலையத்தில் டிடெக்டிவ் சுபியானின் மேசைக்கு முன்னால் வேரோனிக்கா நின்றாள். யேசுரட்ணத்தின் மனைவி.

"இருங்க அக்கா."

"இருக்க வரேல்ல தம்பி. நாளைக்கு முப்பத்தோராம் நாள் பூசை. சுவாமி அவரின்ர பேரை வாசிப்பார். சேர்ச்சுப் பின்வாங்கில இருக்கிற ஒருத்தி மற்றவளின்ர காதுக்க 'போத்தல் யேசு' எண்டுவாள். அதுக்கு முதல் எனக்கு உண்மையில ஊத்தின ஆள் வேணும்."

"அக்கா, கோவிக்காதீங்க. பூக்கிற நேரம் எல்லாரும் இந்தப் போத்தல ஊத்துறாங்கதானே? கடையில வரிசையா அடுக்கி வச்சிருக்காங்க."

"எல்லாரும் எண்டா ஆர்? செத்த மண்ணில வளக்கிறவங்கள். அங்க செடிக்குக் கரண்டியால தீத்தவேணும். இவர் வச்சிருந்தது உயிர் மண். புழு, பூஞ்சணம், கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் சீவன். அதுகள் சமைக்கும். செடி சாப்பிடும். இவர் சமைக்கிறதுகளுக்கு மட்டும்தான் சாப்பாடு போடுவார். கொம்போஸ்ட், கடல்பாசி, மீனெலும்புத் தூள். பூ வர முதல் ஒரு தரம் மேலால தூவுவார். பிறகு வெறும் தண்ணி."

"அதுக்கு மேல ஊத்தினா?"

"பொஸ்பரஸ் அளவுக்கு மிஞ்சிப்போம். பூஞ்சணம் வேரை விட்டிடும். உப்பு ஏறி, புழு மேல வந்து சாகும். நாலு வருசமா அந்த மண்ணை இவர் பிள்ளை மாதிரிப் பாத்தவர். எங்களுக்குப் பிள்ளை இல்லை தம்பி. அதால இந்தக் கதை சும்மா சொல்லுற கதை இல்லை."

சுபியான் பேனையை வைத்தார்.

"மனைவி நம்புறது ஆதாரம் ஆகாது, அக்கா."

"இருபத்தாறு வருசத்தில எனக்கு ஒரு பொய் சொன்னவர். சிகரட்டை விட்டிட்டன் எண்டு. மூண்டாம் நாள் அவரே வந்து சொல்லிப்போட்டார். அந்த மனுசன் மூண்டு கிழமை ஒளிச்சு ஊத்தினவராம்!"

அழுகை வரவில்லை. ஒரு மாதமாக அவளுக்கு வந்தது கோபம் மட்டுந்தான். பல் தீட்டும்போது கோபம். பஸ்ஸுக்கு நிற்கும்போது கோபம்.

"யாருல சந்தேகம்?"

"பேனாட். வெட்டுற பூவின்ர நிறை காணாது, நிறை காணாது எண்டு இவரோட ஒவ்வொரு நாளும் சண்டை. அடக்கம் முடிஞ்சு நாலாம் நாள் 'அண்ணி, யூனிட்டை விப்பம்' எண்டான்."

"ஆனா எமில்டா கண்டது அண்ணனை எண்டு சொல்றாங்களே?"

"உள்ளுக்க எல்லாருக்கும் வெள்ளை உடுப்பு, முகமூடி, தலைக்கு வலை. முதுகுப் பக்கம் பாத்தா எல்லாரும் ஒரே ஆள். பேனாட்டைக் கண்டிட்டு அண்ணை எண்டு நினைச்சிருப்பாள், பாவம்."

சுபியான் யோசித்தார்.

"அவனைப் பேச வைங்க. நான் பக்கத்து அறையில நிக்கிறன்."

பிற்பகல் இரண்டு மணி. யூனிட்.

எமில்டா பிளாஸ்கில் தேத்தண்ணீரோடு வந்தாள். தோட்டத்தில் பூ கத்தரிக்கும் வேலை அவளுடையது. இந்த ஒரு மாதமும் வேரோனிக்காவின் வீட்டிலேயே தங்கி, வற்புறுத்திச் சோறு தீத்தியவளும் அவள்தான்.

"குடியுங்கோ மச்சாள். முகம் வாடிப்போச்சு."

பேனாட் கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தான்.

"என்ன அண்ணி, அவசரமா வரச்சொன்னீங்கள்?"

வேரோனிக்கா கையிலிருந்த கடிதத்தை உயர்த்தினாள். நாலாம் பாத்தியை மட்டும் பொலிஸ் பூட்டி வைத்திருந்தது. போன கிழமைதான் வெளியாட்கள் வந்து வெட்டி எடுத்துப்போனார்கள். அதன் பூவை இவர்கள் யாரும் பார்க்கவில்லை.

"வாங்கிறவன் எழுதியிருக்கிறான். நாலாம் பாத்தி மாதிரிப் பூவை அவன் காணேல்லையாம். லேபிள் இல்லாட்டியும் எடுப்பானாம். ஆனா அதே கைப்பக்குவம் வேணுமாம். அது தெரிஞ்ச ஆள்தான் இனித் தலைமைத் தோட்டக்காரர்."

நிறுத்தினாள்.

"தெரிஞ்சவர் செத்துப்போனார். வேற ஆருக்கும் தெரியாட்டி, பேனாட் சொன்ன மாதிரி வித்திட்டுப் போவம்."

பேனாட்டையே பார்த்தாள். திறடா வாயை...

பேனாட் தலையைச் சொறிந்தான்.

"இதில என்ன அண்ணி இருக்கு? போத்தலிலயே எழுதியிருக்கும். வாசிச்சு ஊத்திறன். என்ர பேரைப் போடுங்கோ."

எமில்டா சிரித்துவிட்டாள்.

"உவனோ? உவன்ர வீட்டில கறிவேப்பிலைக் கண்டே பட்டுப்போச்சு."

"அண்ணை ஊத்தேக்க நானும் பக்கத்தில நிண்டு பாத்தனான் அக்கா," பேனாட் கூசாமல் புளுகினான்.

"என்னத்தைப் பாத்தனி? சொல்லு பாப்பம். கிழமைக்கு எத்தினை தரம்? வாளிக்கு எத்தினை மூடி?"

"உங்களுக்கு மட்டும் தெரியுமோ?"

"கிழமைக்கு ரெண்டு. வாளிக்கு ஒண்டரை மூடி."

"அதுவும் அண்ணை சொல்லித் தந்ததுதானே? அவர் செய்த வேலைக்கு நீங்கள் பேர் எடுக்கிறதோ?"

எமில்டா பிளாஸ்கைப் பட்டென்று வைத்தாள்.

"அண்ணை சொல்லித் தந்தவரோ? நாலு வருசம் இஞ்ச கத்திரிக்கோல் பிடிச்சனான். ஒரு நாள் 'எமில்டா, நீ என்ன நினைக்கிறாய்' எண்டு கேட்டவரே? புழுவிட்டக் கேப்பார், என்னட்டக் கேக்க மாட்டார். நாலாம் பாத்தி என்ர. நான் வாங்கினது, நான் கலந்தது, நான் ஊத்தினது. அண்ணை அந்தப் போத்தலைக் கையால தொட்டதே இல்லை."



பேனாட்டின் சாவி சுழல்வது நின்றது.

வேரோனிக்கா மெல்லத் திரும்பினாள். ஒரு மாதமாகத் தவறான ஆளைப் பார்த்துக் கொதித்திருக்கிறாள்!

"தொட்டதே இல்லையோ?"

"இல்லை எண்டுறன்."

"அப்ப செத்த மனுசன்ர கைக்குள்ள அது எப்பிடிப் போனது, எமில்டா?"

பக்கத்து அறையின் பிளாஸ்டிக் திரை விலகியது. சுபியான்!

எமில்டா அவரைப் பார்த்தாள். வேரோனிக்காவைப் பார்த்தாள். அப்படியே வாளி ஒன்றின் மேல் குந்திவிட்டாள்.

"தள்ளினது மட்டுந்தான் மச்சாள்... இலை நுனி கருகினதைக் கண்டிட்டார். பாத்தியை வெட்டிக் குப்பையில போடப்போறன், சான்றிதழ்க்காரருக்கும் சொல்லப்போறன் எண்டார். இனி வரவேண்டாம் எண்டு என்னட்டக் கதவுச் சாவியைத் திருப்பிக் கேட்டார். தங்கச்சியிட்ட... கோபத்தில தள்ளினன். விழுந்திட்டார்."

"மூச்சு இருந்ததோ?"

எமில்டா வாளியின் கைப்பிடியைத் திருகினாள்.

"எமில்டா. மூச்சு இருந்ததோ?"

"...கொஞ்சம்."

வேரோனிக்காவின் கை உயர்ந்தது. பேனாட் பாய்ந்து பிடித்தான். உதறினாள்.

"கொஞ்சம். ஃபோன் உன்ர பொக்கற்றுக்க. அமத்திறதுக்கு மூண்டே மூண்டு இலக்கம். அதை விட்டிட்டுப் போத்தலைத் தேடிப் போயிருக்கிறாய். மூடியைக் கழட்டி, அவரின்ர விரலை ஒவ்வொண்டா மடிச்சிருக்கிறாய். பிறகு அந்தக் கையாலதான் எனக்குச் சோறு தீத்தினியோ? அவரைக் கள்ளனாக்கிப்போட்டு, என்ர குசினிக்க நிண்டு, எனக்கு?"



சுபியான் விலங்கை எடுத்தார். "வாங்க."

கதவடியில் எமில்டா திரும்பினாள். அந்த நேரத்திலும் கேட்டாள்.

"மச்சாள்... அவன் எழுதினது உண்மையோ? நாலாம் பாத்தி அவ்வளவு நல்லா வந்ததோ?"

வேரோனிக்கா கடிதத்தை விரித்துக் காட்டினாள்.

ஹைட்ரோ பில். வெறும் மின்சாரக் கணக்கு!

"வெட்டினவங்கள் நிறுத்துத் தந்த கணக்கில, ஆறு பாத்தியிலயும் நிறை குறைஞ்சது அதுதான். மண்ணில ஏற்கெனவே எல்லாம் இருந்தது. நீ ஊத்தினது புழுவைக் கொண்டது. பிறகு அவரை."

எமில்டா அப்போதுதான் அழுதாள். அண்ணனுக்காக அல்ல. பாத்திக்காக!

கார் போய்விட்டது.

பேனாட் தொண்டையைச் செருமினான்.

"அண்ணி... என்னைச் சந்தேகப்பட்டதை நான் மனசில வைக்கேல்ல. அப்ப அந்தத் தலைமைத் தோட்டக்காரர் வேலை...?"

"அது எமில்டாவுக்குத்தான்," என்றாள் வேரோனிக்கா. "ஜெயிலிலயும் தோட்டம் வச்சிருக்கிறாங்களாம். போத்தலை மட்டும் வாசலிலயே பறிச்சிடுவாங்கள்."