பந்து கிடந்த இடம்

வாயாடிக்கு அந்தப் பெயரை வைத்தது அவளுடைய அம்மாதான். தூக்கத்தில்கூடப் பேசுகிற பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவளுடைய தம்பி பட்டாணி அதற்கு நேர் எதிர். கேட்டால்தான் பேசுவான். கேட்டாலும் பாதிதான் பேசுவான்.

அம்மாவுக்குக் கோல்ஃப் மைதானத்தில் வேலை. உட்கார்ந்து ஓட்டுகிற பெரிய புல்வெட்டும் வண்டி அவளுடையது. விடுமுறை நாட்களில் பிள்ளைகள் இருவரும் கூடவே போவார்கள். புல்லுக்குள் கிடக்கும் பந்தின்மேல் வண்டி ஏறினால் பந்தும் போச்சு, கத்தியும் போச்சு. அதனால் புல்லில் பந்தைக் கண்டால் உடனே எடுத்துப் பைக்குள் போட்டுவிட வேண்டும் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். பட்டாணி அந்த வேலையில் கெட்டிக்காரன். அவன் கண்ணுக்கு ஒரு பந்தும் தப்பாது.

அந்த வாரம் மைதானத்தில் பெரிய போட்டி நடந்தது. சாம்பியன் அக்கா வந்திருந்தார். அவர் வாங்கிய கோப்பைகளை வைக்க வீட்டில் இடமே இருக்காது என்று வாயாடி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆனால் அவளுக்கு அவரைப் பிடித்துப்போனது கோப்பைகளுக்காக இல்லை. பயிற்சியின்போது அவர் தூரத்தில் ஒரு வாளியை வைத்து, பந்தை உயரத் தூக்கி அடித்து அதற்குள் விழ வைப்பார். ‘டங்’ என்று கேட்கும். வாளியை இன்னும் தள்ளி வைக்கச் சொல்வார். மறுபடியும் ‘டங்’. மணல் பள்ளத்துக்குள் இறங்கி அடித்தால், தன் காலடித் தடத்தோடு முன்னால் போனவர் விட்டுப்போன தடத்தையும் சேர்த்துச் சமன் செய்துவிட்டுத்தான் மேலே ஏறுவார். ஒரு நாள் அம்மாவின் வண்டி பக்கத்தில் வந்தபோது ஆட்டத்தை நிறுத்திவிட்டு, புல்லை ரொம்ப அழகாக வெட்டியிருக்கிறீர்கள் என்று சொன்னார். அன்றைக்கு அம்மா சோற்றில் உப்புப் போட மறந்துவிட்டாள். யாரும் குறை சொல்லவில்லை.

கடைசி நாள் வந்தது. கோல்ஃபில் குறைவான அடிகளில் பந்தைக் குழிக்குள் போடுபவருக்குத்தான் வெற்றி. கடைசிக் குழிக்கு வந்தபோது சாம்பியன் அக்காவும் ஓர் இளம் வீராங்கனையும் சமமாக இருந்தார்கள்.

கூட்டமெல்லாம் குழிக்குப் பக்கத்தில் முண்டியடித்தது. அங்கே நின்றால் முதுகுகளைத்தான் பார்க்க முடியும் என்பதால், வாயாடியும் பட்டாணியும் பாதி வழியில் ஒரு பெரிய மரத்துக்குப் பக்கத்தில், கயிற்றுக்குப் பின்னால் நின்றார்கள்.

சாம்பியன் அக்கா ஓங்கி அடித்தார். அந்த நேரம் பார்த்து அவருக்கென்றே ஒரு காற்று வந்தது. வளைந்து வந்த பந்து கிளையில் மோதி, கீழே விழுந்து, இரண்டு வேர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது.

வாயாடி ‘ஐயோ’ என்று தலையில் கை வைத்தாள். அவள் கையை எடுப்பதற்குள் பட்டாணி கயிற்றுக்குக் கீழே நுழைந்து, பந்தை எடுத்து, கால்சட்டையில் துடைத்து, பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். பந்து எங்கே என்று நடுவர் தேடினார். பட்டாணி பெருமையாகப் பைக்குள் கைவிட்டு எடுத்துக் காட்டினான். மட்டைப் பையைத் தூக்கி வந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். அப்போதுதான் பட்டாணிக்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று புரிந்தது. அவன் உதடு பிதுங்க ஆரம்பித்தது.

சாம்பியன் அக்கா அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“பந்த பத்திரமா வச்சிருந்தியே, ரொம்ப நன்றி. எங்க கிடந்துச்சுன்னு காட்டுறியா?”

பட்டாணி மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டினான். அந்த வட்டத்துக்குள் ஒரு வீடே கட்டலாம்.

வெளியாள் பந்தை எடுத்தால் ஆடுபவர்மேல் குற்றம் இல்லை, ஆனால் பந்தைக் கிடந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும் என்றார் நடுவர். வேறு யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார். பட்டாணி தன் அக்கா வாயாடியைக் கை காட்டினான்.

எல்லோரும் வாயாடியைப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து முதல் முறையாக அவளுக்குப் பேச்சு வரவில்லை.

வேர்களுக்கு நடுவில் மட்டையை வீசக்கூட இடம் இல்லை. கொஞ்சம் தள்ளி, வெட்டிவிட்ட புல் பாய் விரித்ததுபோல இருந்தது. அங்கிருந்து குழி நேராகத் தெரிந்தது. ‘இங்கே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாம்பியன் அக்கா ஜெயித்துவிடலாம். தம்பியும் திட்டு வாங்க மாட்டான்.

அவள் சாம்பியன் அக்காவைப் பார்த்தாள். அவர் புல்லையும் பார்க்கவில்லை, வேரையும் பார்க்கவில்லை. இவள் சொல்வதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் அந்த இளம் வீராங்கனையும் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். சாம்பியன் அக்கா ஜெயிக்க வேண்டும் என்று வாயாடிக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

“அந்த ரெண்டு வேருக்கு நடுவுலக்கா,” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. அதனால் போய்த் தொட்டும் காட்டினாள்.

“சரியா பாத்து வச்சிருக்கியே,” என்று சொல்லி, சாம்பியன் அக்கா பந்தை அங்கேயே வைத்தார்.

பிறகு மரத்தை இரண்டு முறை சுற்றி வந்தார். வலது கையால் ஆடுபவர், இடது கைக்காரர்போல மரத்துக்கு மறுபக்கம் போய் நின்றார். மட்டையின் அடிக்கும் தலையைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். ‘டொக்’ என்று ஒரு சத்தம். பந்து வேர்களுக்கு நடுவிலிருந்து துள்ளி, தரையோடு தரையாக ஓடி, மேட்டில் ஏறி, குழிக்குக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

அடுத்த அடியில் பந்து குழியின் விளிம்பைத் தொட்டுவிட்டு விலகிப் போனது. இளம் வீராங்கனையின் பந்து நேராக உள்ளே விழுந்தது. ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் சாம்பியன் அக்கா தோற்றுப்போனார். கூட்டம் கை தட்டுவதற்கு முன்பே அவர் ஓடிப்போய் அந்த வீராங்கனையைக் கட்டிப்பிடித்து, அவருடைய கையை உயர்த்திக் காட்டினார்.

வாயாடி வண்டிக் கொட்டகைக்கு ஓடிப்போய் அம்மாவின் மடியில் முகம் புதைத்து அழுதாள். அம்மா எவ்வளவு தேற்றியும் அழுகை நிற்கவில்லை.

அங்கே சாம்பியன் அக்காவே வந்து நின்றார்.

“நான் அந்தப் புல்லுல கிடந்துச்சுன்னு சொல்லியிருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்கல்ல?” என்று விசும்பலுக்கு நடுவில் கேட்டாள் வாயாடி.

“ஜெயிச்சிருந்தாலும் ஜெயிச்சிருப்பேன். ஆனா அந்த மாதிரி ஒரு அடிய இதுவரைக்கும் நான் அடிச்சதே இல்ல கண்ணு. நீ சரியான இடத்த காட்டலன்னா அது எனக்கு எப்படி கிடைச்சிருக்கும்? வா, அத இன்னொரு தடவ அடிக்க வருதான்னு பாப்போம்.”

எல்லோரும் மரத்தடிக்குப் போனார்கள். சாம்பியன் அக்கா மறுபடியும் மறுபடியும் அடித்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பந்து வேரில் மோதி அவர் காலுக்கே திரும்பி வந்தது. அவர் புல்லில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார். பிறகு மட்டையை வாயாடியிடம் நீட்டினார்.

“நீ அடி. எனக்கே வரல, உன்ன யாரு கேக்கப் போறா?”

வாயாடி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அடித்தாள். பந்து வேரைத் தாண்டி வெளியே வந்து, நாலு முழம் உருண்டு நின்றது. அவ்வளவு பெரிய சாம்பியன் எழுந்து நின்று கை தட்டினார்.