கடைசிப் பாரம்

இன்ஷிராஹ் வீட்டு வாசலை நான் மிதித்தபோது சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். கால்வாயை ஒட்டிய பழைய மண்செங்கல் வீடு. சுவரெல்லாம் உப்புப் பூத்திருந்தது. உள்ளே சேற்று வாடை. கால்வாய் தூர்வாரும் நாளில் வருமே, அந்த வாடை.

நாங்கள் இரண்டு பேரும் பைண்டிங் பட்டறையில் தாள் மடித்துத் தைக்கிறவர்கள். அச்சகத்திலிருந்து பெரிய தாளாக வரும். மடித்தால் பதினாறு பக்கம், அதுதான் ஒரு பாரம். மை சிந்திப் பாழான தாள்களை ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப்போவோம். நான் அடுப்பு மூட்டினேன். இன்ஷிராஹ் தன் மகள் நெஸ்மாவுக்குப் படக்கதைப் புத்தகம் தைத்துக் கொடுத்தாள்.

கால்வாய்க்காரியின் கதை. தண்ணீரில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். பதில் சொன்னவர் திரும்புவதில்லை.

கடைசிப் பாரம் அப்போது அச்சாகவில்லை. எழுத்து தெரியாத இன்ஷிராஹ் படத்தைப் பார்த்துத்தான் கதை சொன்னாள். படம் தீர்ந்த இடத்தில் "மிச்சம் நாளைக்கு" என்று புத்தகத்தை மூடிவிட்டாள். எங்கள் பக்கம் "கதை முடிஞ்சுது, கதவச் சாத்து" என்று சொல்லாமல் எந்தக் கதையையும் விடுவதில்லை. விட்டால் உள்ளே இருப்பது வெளியே வந்து நிற்கும். அவளுக்கும் தெரியும். பகலெல்லாம் நின்று வேலை பார்த்த அலுப்பில் தூங்கிப்போனாள்.

மறுநாளிலிருந்து நெஸ்மாவை யாரோ கூப்பிடத் தொடங்கினார்கள்.

"கடைசிப் பாரத்தக் கொண்டாந்தியாடி அதியாத்?" என்று என்னைக் கண்டதும் கேட்டாள் இன்ஷிராஹ்.

"மேஸ்திரி அசந்த நேரம் இடுப்புல சொருகிட்டு வந்தேன். இந்த இடுப்புல புதுசா ஒரு மடிப்பு வந்தா யாரு கண்டுபிடிக்கப் போறா?"

சன்னலில் இருந்த நெஸ்மா திரும்பிச் சிரித்தாள். தொடாத ரொட்டி பக்கத்தில் காய்ந்து கிடந்தது.

"அத்தை, நீங்க ரொம்ப குண்டு. அவளால உங்களத் தூக்க முடியாது."

"யாருடி அவ?"

"பேரு தெரியல. அவளுக்குத்தான் என் பேரு தெரியும்."

இன்ஷிராஹ் புத்தகத்தை எடுத்து வந்தாள். புத்தகத்தின் தையலைப் பிரித்தோம். கடைசிப் பாரத்தைச் சேர்த்து, கதையை முடித்து, கதவைச் சாத்திவிடலாம். அவ்வளவுதான் வேலை. நான் ஊசி கோத்தேன். அவள் நூலைப் பல்லில் கடித்து இழுத்தாள்.

"நெஸ்மா..."

கால்வாயிலிருந்து வந்தது. இன்ஷிராஹின் குரல்.

இன்ஷிராஹ் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வாயில் நூல்.

"வரேம்மா," என்றது குழந்தை.

நாங்கள் எழுந்தபோது சன்னல் காலி. கரைக்கு ஓடினோம். தண்ணீரில் ஒரு சுழிகூட இல்லை. இருட்டும்வரை ஆண்கள் கொக்கி போட்டு இழுத்தார்கள். நாணல்தான் வந்தது.

கடைசிப் படத்தில் அம்மா மடியில் பெண்குழந்தை உட்கார்ந்திருக்கும். பட்டறையில் நான் மடித்த அத்தனை தாளிலும் அப்படித்தான் இருந்தது.

அந்த வீட்டில் கிடந்த தாளில் மடி காலி.

துக்கம் ரொட்டி போடாது. இன்ஷிராஹ் வேலைக்குத் திரும்பினாள். பட்டறையில் கால்வாய்ப் பக்கத்துச் சன்னலருகே இடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். யாராவது பேசினால் கையமர்த்துவாள்.

"என்னக் கூப்புட மாட்டேங்குறாடி," என்பாள். "வாசலத் தொறந்து போட்டுத்தான் படுக்குறேன்."

நேற்று மதியம், இயந்திரம் நின்றிருந்த நேரம், அந்த வாடை வந்தது.

"அதியாத் அத்தை..."

குழந்தைக் குரல்.

பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அதியாத் அத்தை..."

இன்ஷிராஹ் என் முழங்கையைப் பற்றினாள். பசை காய்ந்த விரல்கள்.

"உன்னத்தான்டி கூப்புடுறா. அல்லாவுக்காக ஒரே ஒரு தடவ பதில் சொல்லு. எம்புள்ள அங்க தனியா இருக்கா."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் என் கையை விலக்கப் பார்த்தாள்.

சன்னலுக்குக் கீழே, வெகு அருகில், நெஸ்மா சிரித்தாள்.

"அத்தை, இப்ப என்னால தூக்க முடியும்."